மூணாறுக் குளிரில் பர்பன் விருந்து: எந்தக் கறி, எந்தப் பாட்டில்

மூணாறு, தேவிகுளம், வட்டவடைப் பக்கத்தில் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை இரவு விருந்து வைக்கும் வீடுகளுக்கு, என்ன சமைப்பது என்பது பெரிய கேள்வியாக இருந்ததில்லை. கிறிஸ்துமஸ் என்றால் இறைச்சி வறுவலும் ஆப்பமும், புத்தாண்டு என்றால் பிரியாணி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம் உண்டு. குடிப்பவர்களுக்குப் பிராந்தியோ ரம்மோ வைக்கப்படும், அது எந்தக் கறியோடு போகும் என்று யாரும் யோசிப்பதில்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மைத்துனரோ மருமகனோ பர்பன் என்ற அமெரிக்க விஸ்கிப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கும்போதுதான் யோசனை தொடங்குகிறது. பிராந்தியைப் போல அதைத் தண்ணீரிலோ சோடாவிலோ கலந்து காரமான வறுவலோடு குடித்துவிட்டால், அதற்குக் கொடுத்த பணத்தில் பாதி வீண். 2025 பிப்ரவரியில் இந்திய அரசு பர்பன் மீதான இறக்குமதி வரியை 150 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாகக் குறைத்தபோதிலும், மாநில வரிகளும் சேர்ந்து வருவதால் அது இன்னும் விலை கூடிய சரக்குதான்.

ஆகவே முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, இந்த மலைப்பகுதியின் குளிர்கால விருந்து வகைகளான தேங்காய்க்கொத்து போட்ட இறைச்சி வறுவல், ஆப்பமும் தேங்காய்ப்பால் இஷ்டுவும், வாத்து அல்லது ஆட்டுக்கறி ரோஸ்ட், பிரியாணி, மீன்கறி ஆகியவற்றில் எதைப் பர்பனுக்கு முன்னே நிறுத்துவது என்பது. இரண்டாவது, அந்தக் கறிக்கு எந்த வகைப் பர்பன் பொருந்தும் என்பது. கறியை முதலில் தீர்மானித்துவிட்டுப் பாட்டிலுக்கு வருவதே சரியான வரிசை என்பது என் கருத்து. பாட்டிலைத் தண்ணீர் ஊற்றித் திருத்திக்கொள்ளலாம். அடுப்பிலிருந்து இறங்கிய மிளகாயைத் திருத்த வழியில்லை.

பர்பன் கொண்டுவரும் சுவை எது என்று தெரிந்தால் மற்றவை எளிது. அமெரிக்கச் சட்டப்படி, பர்பனுக்கு ஊறவைக்கும் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளமாக இருக்க வேண்டும். மீதி பெரும்பாலும் ரை என்ற தானியமும் முளைகட்டிய பார்லியுமாக இருக்கும், சிலர் ரைக்குப் பதில் கோதுமை சேர்ப்பார்கள். வடித்த சாராயம் உள்பக்கம் கரியாகச் சுட்ட புத்தம்புதிய ஓக் பீப்பாயில்தான் நிரப்பப்பட வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் மறுமுறை பர்பனுக்கு ஆகாது. செயற்கை நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது. எனவே பர்பனின் நிறம் முழுவதும், மணத்தில் பெரும்பகுதியும், அந்தச் சுட்ட மரத்திலிருந்து வருபவை. மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் சூட்டில் உடைந்து வனிலின் தருகிறது. அதுவே வனிலாவின் மணம். மரத்திலிருக்கும் யூஜினால் கிராம்பின் முதன்மையான மணப்பொருள். அமெரிக்க வெள்ளை ஓக்கில் அதிகமாக உள்ள ஓக் லாக்டோன் என்ற சேர்மத்தை முகர்ந்தால் தேங்காய் மணக்கும். மரத்தின் சர்க்கரைகள் கருகுவதால் வெல்லப்பாகு முறுகிய மணமும் கிடைக்கிறது. வனிலா, கிராம்பு, தேங்காய், முறுகிய பாகு என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தால், பர்பனின் தாயகமான அமெரிக்காவின் கென்டக்கி மாநிலக் கிடங்குகளில் உருவான இந்த மணங்களுக்குக் கேரளத்து மலைச் சமையலறையில் ஏற்கெனவே இடம் இருப்பது தெரியும். ஸ்காட்லாந்து விஸ்கிகள் சிலவற்றில் உள்ள புகை மணம் இங்குள்ள தேங்காயெண்ணெயோடு சண்டையிடும் இடங்களில் பர்பன் தயக்கமின்றிச் சேர்ந்துகொள்வதற்கு இதுவே காரணம்.

ஆனால் ஒரு தடை உண்டு, அது மிளகாய். வாயில் எரிச்சலை உணரச்செய்யும் நரம்பு வாங்கி ஒன்று, சாதாரணமாக ஏறத்தாழ 42 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் விழிக்கும். சாராயம் பட்டால் அது 34 டிகிரி அளவிலேயே விழித்துக்கொள்கிறது. நம் உடலின் இயல்பான சூடே அதற்கு மேல் என்பதால், தண்ணீர் கலக்காத விஸ்கி தொண்டையில் எரிகிறது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினும் அதே வாங்கியைத்தான் தட்டுகிறது. வற்றல் மிளகாய் அரைத்துவிட்ட கறியை உண்டு, உடனே 45 சதவீதச் சாராயத்தை வாயில் ஊற்றினால் இரண்டு எரிச்சலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, வனிலாவும் தேங்காயும் எங்கே போயின என்றே தெரியாமல் போகும். காரத்துக்குத்தான் மது என்று சொல்லி வளர்ந்தவர்கள் இதை ஏற்கத் தயங்குவார்கள். அவர்கள் ஒரு வாய் மிளகாய் வறுவலோடும், அடுத்த வாய் வெறும் உப்பும் மிளகும் போட்டு வறுத்த கறியோடும் அதே பர்பனைக் குடித்துப் பார்க்கட்டும். மிளகின் பைப்பரினும் அதே வாங்கியைத் தொடுவதுதான் என்றாலும் அதன் வேகம் மிகக் குறைவு, எரிச்சல் நெடுநேரம் நிற்பதுமில்லை. இடுக்கி மிளகு விளையும் மண். குளிர்கால விருந்தில் மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டுவது இங்கு யாருக்கும் புதிதாகத் தோன்றாது.

இந்த அளவுகோலால் அளந்தால் முதலிடம் தேங்காய்க்கொத்து போட்ட வறுவலுக்கே. மலையாளிகள் உலர்த்தியது என்பார்கள். தோட்டத்துத் தமிழ் வீடுகளில் வறுவல் என்றே பெயர். இறைச்சியை இஞ்சி, பூண்டு, மல்லித்தூள், மிளகு, பட்டை, கிராம்பு, நறுக்கிய தேங்காய்த் துண்டுகள் ஆகியவற்றோடு வேகவைத்து, பிறகு தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் சேர்த்து, நீர் முழுவதும் வற்றிக் கறி கருஞ்சிவப்பாகும்வரை இரும்புச் சட்டியில் பொறுமையாகப் புரட்டுவார்கள். இதில் பர்பனுக்கு வேண்டியவை மூன்றும் ஒருங்கே கிடைக்கின்றன. எண்ணெயில் முறுகிய தேங்காய்த் துண்டு பீப்பாயின் தேங்காய் மணத்தை நேராகத் தொடுகிறது. கறியின் மேல்தோல் முறுகுவதால் வரும் சுட்ட மணம், சுட்ட மரத்தின் பாகு மணத்தோடு சேருகிறது. கொழுப்பு நாக்கின்மேல் படிந்து சாராயத்தின் கூர்மையை மழுங்கச்செய்கிறது. கிராம்பு வறுவலிலும் உண்டு, பாட்டிலிலும் உண்டு. அதனால் வழக்கமாகப் போடும் கிராம்பில் பாதியே போதும்.

எந்த இறைச்சி என்பது அந்தந்த வீட்டின் விருப்பமும் நம்பிக்கையும் சார்ந்தது. சுவையை மட்டும் கணக்கில் எடுத்தால் பன்றிக்கறிக்கே என் வாக்கு. மாட்டுக்கறி வறுவலில் கறி வறண்டுபோவதால் பர்பனின் ஓக் துவர்ப்பு சற்றுத் தூக்கலாகத் தெரியும். பன்றியின் கொழுப்பு அந்தத் துவர்ப்பை விழுங்கிவிடும். திருச்சூர்ப் பக்கத்தில் பன்றிக்கறியோடு கூர்க்கக் கிழங்கைச் சேர்த்துச் சமைப்பார்கள். நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் பொங்கலுக்குச் சமைக்கும் சிறுகிழங்கும் அதுவும் ஒன்றே. அறுவடையும் இந்தக் குளிர்காலத்தில்தான். அதன் மண்வாசம் கலந்த மாவுச்சுவை கறியின் கொழுப்பையும் பர்பனின் இனிப்பையும் ஒருசேரத் தாங்கும். கிழங்கின் தோலை நீக்குவது எரிச்சலூட்டும் வேலை என்பதால் பலர் தவிர்க்கிறார்கள். சாக்குப்பையில் போட்டுத் தரையில் தேய்த்தால் பாதித் தோல் தானே கழன்றுவிடும். கிழங்கு கிடைக்காத இடத்தில் உப்பிட்டு அவித்த கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்கு, போதும். கப்பையோடு வழக்கமாக வரும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி என்ற துவையலை மட்டும் பர்பன் தீர்ந்த பிறகு எடுத்துக்கொள்வது நல்லது. அல்லது தயிரில் கலக்கிக்கொண்டால், பாலின் புரதம் காரத்தைக் கட்டுப்படுத்தும்.

ஆப்பமும் இஷ்டுவும் இதற்கு நேரெதிரான வழி. இஷ்டுவில் முறுகல் இல்லை, கருநிறம் இல்லை; இளந்தேங்காய்ப்பால், பச்சைமிளகாய், முழுமிளகு, இஞ்சி, ஏலக்காய், பட்டை என்று மணம் மென்மையாக நிற்கிறது. தேங்காய் இங்கும் உண்டு என்பதால் பொருந்தும் என்று தோன்றலாம். பொருந்தவும் செய்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. பர்பன் வலுவாக இருந்தால் இஷ்டு வெறும் பாலாகத் தோன்றும். தண்ணீர் கலந்து 30 சதவீத அளவுக்கு இறக்கினால் மட்டுமே ஏலக்காயும் வனிலாவும் ஒன்றையொன்று தேடிவரும். ஆட்டுக்கறி இஷ்டு கோழி இஷ்டுவைவிட நன்றாக நிற்கும். எலும்போடு வெந்த கறியின் கொழுப்பு தேங்காய்ப்பாலில் இறங்கியிருப்பதே அதற்குக் காரணம். ஆப்பத்தின் புளித்த மாவுக்கும், புளித்த தானியத்திலிருந்து வடிக்கும் பர்பனுக்கும் ஓர் இயல்பான நெருக்கம் இருப்பதாகச் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது நாவில் தெரிந்ததில்லை. ஆப்பத்தின் ஓரத்து முறுகல், சிவந்த பகுதி, நன்றாகச் சேருகிறது. நடுவில் உள்ள மெத்தையான பகுதி இஷ்டுவைத் தாங்கும் வேலையை மட்டும் செய்கிறது. சிறுவர், பெரியவர், குடிக்காதவர் எல்லோரும் ஒரே மேசையில் அமரும் கிறிஸ்துமஸ் காலை என்றால் இஷ்டுவை எதுவும் வெல்லாது. ஆனால் இங்கே கேட்பது இரவு விருந்தைப் பற்றி. பர்பன் முன்னிற்கும் இரவுக்கு இஷ்டு வறுவலுக்குப் பின்னால்தான்.

வாத்து ரோஸ்ட் குட்டநாட்டிலிருந்து ஏறிவந்த பண்டம். வெங்காயத்தை நெடுநேரம் வதக்கிச் சிவக்கவைப்பதால் அதற்கென ஓர் இனிப்பு உண்டு, பறவையின் கொழுப்பும் தாராளம். பர்பனுக்கு நல்ல துணை. நல்ல வாத்து மலைமேல் கிடைப்பது அரிது என்பதொன்றே அதன் குறை. ஆட்டுக்கறிக்கு ஓர் எதிர்பாராத சான்று பர்பனின் சொந்த மண்ணிலேயே உண்டு. கென்டக்கியின் ஓவென்ஸ்பரோ நகரம் ஹிக்கரி விறகுப் புகையில் மெதுவாக வாட்டிய செம்மறியாட்டு இறைச்சிக்குப் பேர்போனது. அமெரிக்காவின் பிற பகுதிகளில் பன்றியும் மாடும் பெற்ற இடத்தை அங்கே ஆடு பெற்றிருக்கிறது. ஆகவே பன்றியும் மாடும் சமைக்காத வீட்டார் தங்களுக்கு இரண்டாந்தரமே மிச்சம் என்று எண்ண வேண்டியதில்லை. முன்தொடையைக் கொழுப்போடு வாங்கி, மிளகும் தேங்காய்க்கொத்தும் போட்டு மேலே சொன்ன முறையிலேயே வறுத்தால், பன்றி வறுவலுக்கு மிக அருகில் வரும்.

பிரியாணியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம்: வேண்டாம். திண்டுக்கல் வகையோ தலசேரி வகையோ, பிரியாணி தன்னளவில் முழுமையான உணவு. அதன் மசாலாவின் நெரிசலில் பர்பன் இன்னொரு மசாலாவாகக் கலந்து மறைந்துபோகும். மீன்கறி இன்னும் மோசம். குடம்புளியும் வற்றல் மிளகாயும் சேர்ந்த சிவப்பு மீன்கறியில் புளிப்பும் காரமும் ஒன்றாக நிற்கின்றன. புளிப்பு பர்பனின் இனிய மணத்தைத் துடைத்துவிட்டு மரத்தின் கசப்பை மட்டும் நாக்கில் விட்டுச்செல்கிறது. விதிவிலக்கு ஒன்றுதான்: தேங்காய்ப்பாலில் மஞ்சளும் பச்சைமிளகாயும் மட்டும் போட்டுச் சமைக்கும் மீன் மோலி. அதுவும் பொருந்துகிறது என்பதைவிடக் கெடவில்லை என்பதே சரி. வாழையிலையில் பொதிந்து வாட்டும் கரிமீனைச் சிலர் பரிந்துரைப்பார்கள். இலை கருகும் மணம் நல்லதுதான், உள்ளே பூசிய மிளகாய் விழுதுதான் இடைஞ்சல்.

சைவ வீடுகளில் எரிசேரியை விட்டுவிடக் கூடாது. பூசணியையும் சிவப்புத் தட்டைப்பயறையும் வேகவைத்து, அரைத்த தேங்காய் சேர்த்து, மேலே துருவிய தேங்காயைப் பொன்னிறம் தாண்டிக் கருஞ்சிவப்பாகும்வரை தேங்காயெண்ணெயில் வறுத்துக் கொட்டுவார்கள். பூசணியின் மெல்லிய இனிப்பு, வறுத்த தேங்காய், மிகக் குறைந்த காரம் என மூன்றும் சேர்வதால், பர்பனுக்கு இது இஷ்டுவைவிட நெருங்கிய துணை. என் மதிப்பீட்டில் சைவ, அசைவப் பட்டியல் இரண்டையும் சேர்த்தாலும் இரண்டாமிடத்துக்குப் போட்டியிடக்கூடியது. இதோடு வட்டவடையின் சிறு பூண்டை முழுப் பல்லாக எண்ணெயில் மெதுவாகச் சிவக்கவைத்து, வட்டவடை உருளைக்கிழங்கோடு மிளகு போட்டுப் புரட்டியும் வைக்கலாம். அந்தப் பூண்டு அளவில் சிறியது, மணத்தில் வலியது. மெதுவாக வெந்தால் அதன் காட்டம் இனிப்பாக மாறும். புளிசேரியும் ரசமும் இந்த மேசைக்கு வேண்டாம். காரணம் மீன்கறிக்குச் சொன்ன அதே புளிப்புதான்.

இனிப் பாட்டில். வகைகளை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் போதும். முதல் வகை, ரை சேர்த்த வழக்கமான பர்பன். ஜிம் பீம் வெள்ளை லேபிள் இதற்கு எளிய சான்று. நான்கு ஆண்டுகள் பீப்பாயில் இருந்தது, 40 சதவீதச் சாராயம், விலையும் மற்றவற்றைவிடத் தாழ்வு. ரை தானியம் மிளகையொத்த ஒரு சுருக்கைத் தருகிறது. இரண்டாவது, ரைக்குப் பதிலாகக் கோதுமை சேர்த்தது. லொரெட்டோ என்ற சிற்றூரில் செய்யப்படும் மேக்கர்ஸ் மார்க் பலரும் அறிந்தது, அமெரிக்காவில் விற்கும் வழக்கமான பாட்டில் 45 சதவீதம். கோதுமை சேர்ந்தால் அந்தச் சுருக்கு மறைந்து, வனிலாவும் பாகும் முன்னே வருகின்றன. மூன்றாவது, 50 சதவீதத்தைத் தொடும் அல்லது தாண்டும் வலுவான வகை, 50.5 சதவீதமுள்ள வைல்ட் டர்க்கி 101, அமெரிக்காவின் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரே வடிசாலையில் ஒரே பருவத்தில் வடித்து நான்கு ஆண்டுகளுக்குக் குறையாமல் ஊறவைத்து 50 சதவீதத்தில் அடைக்கும் பாண்டட் வகைகள் போன்றவை இதில் அடங்கும். இவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் பெட்டியில்தான் நம் ஊருக்கு வருகின்றன.

மிளகு தூக்கலான வறுவலுக்கு ரை உள்ள பர்பன்தான் பொருத்தம், மிளகுக்கு மிளகு என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் இதற்கு மாறான பக்கத்தில் நிற்கிறேன். வறுவலில் மிளகு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும்போது, குவளையிலும் அதையே தேடுவதில் பயனில்லை. கோதுமைப் பர்பனின் வட்டமான இனிப்பு மிளகுக்கு ஓர் ஓய்வு தருகிறது, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயாராக்குகிறது. ஆகவே பன்றி வறுவலுக்கும் எரிசேரிக்கும் கோதுமை வகை. வாத்துக்கும் ஆட்டுக்கறிக்கும் ரை வகை, ஏனெனில் அந்த இறைச்சிகளின் வாடையை வெட்ட ஒரு சுருக்கு வேண்டும். இஷ்டுவுக்கு 40 சதவீதப் பாட்டிலே போதும். விலையுயர்ந்ததை அதற்குத் திறக்க வேண்டியதில்லை. 50 சதவீத வகையை விருந்தின் நடுவில் வைக்காமல் இனிப்போடு வைத்துக்கொள்ளலாம். ஒரே பாட்டில்தான் வாங்க முடியும் என்றால், கோதுமை வகையை வாங்குங்கள். டென்னஸியின் ஜாக் டேனியல்ஸ் மட்டுமே கிடைத்தாலும் குறையில்லை. மேப்பிள் மரக்கரி வழியே வடிகட்டப்படுவதால் அது தன்னைப் பர்பன் என்று அழைத்துக்கொள்வதில்லை, ஆனால் இந்த மேசையில் அதன் நடத்தை ஏறக்குறைய ஒன்றுதான்.

குளிர் இங்கே ஒரு புதுச் சிக்கலைக் கொண்டுவருகிறது. ஜனவரி இரவுகளில் மூணாற்றின் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்குகிறது. செண்டுவரை போன்ற தோட்டங்களின் தாழ்வான பள்ளங்களில் சுழியத்தைத் தொட்டுத் தேயிலைக் கொழுந்தின்மேல் உறைபனி படிவதும் உண்டு. கணப்பு இல்லாத அறையின் அலமாரியில் வைத்த பாட்டில் ஃபிரிட்ஜில் வைத்தது போலச் சில்லிட்டிருக்கும். குளிர்ந்த சாராயத்திலிருந்து மணம் எழாது. கொச்சியில் ஐஸ் போட்டுக் குடிப்பது நியாயமாக இருக்கலாம். இங்கே பாட்டிலை மாலையிலேயே சமையலறைக்குக் கொண்டுவந்து அடுப்புக்குத் தள்ளி, தீ எட்டாத இடத்தில் வைத்துவிடுவது நல்லது. அடிப்பக்கம் அகன்று வாய் குறுகிய குவளை இருந்தால் உள்ளங்கைச் சூட்டிலேயே மணம் எழும். இல்லையென்றால் சாதாரணக் கண்ணாடித் தம்ளர் போதும், எவர்சில்வர் மட்டும் வேண்டாம். 45 சதவீதப் பர்பன் 30 மில்லியோடு 10 மில்லி தண்ணீர் சேர்த்தால் வலு 34 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். வறுவலுக்கு இந்த அளவு சரி. இஷ்டுவுக்கு இன்னும் 5 மில்லி கூட்டலாம். வெந்நீரை ஆறவைத்து வெதுவெதுப்பாக ஊற்றுவது குளிர்ந்த நீரைவிட நல்லது. சோடா குமிழிகள் கொழுப்பைக் கழுவிவிடும் என்பதால் வறுவலுக்கு மட்டும் ஒருவாறு ஏற்கலாம். கோலா எதற்கும் வேண்டாம்.

உணவுக்கு முன்பு சூடாக ஒன்று தரலாம் என்று நினைப்பவர்களுக்கு நம் பக்கத்துப் பொருள்களே போதும். மறையூர் சர்க்கரை என்ற வெல்லத்தை ஒரு சிறு நெல்லிக்காய் அளவு உடைத்து, தட்டிய சுக்கு ஒரு துண்டும் ஏலக்காய் ஒன்றும் சேர்த்து வெந்நீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, கொதி அடங்கிய பிறகு 30 மில்லி பர்பன் ஊற்ற வேண்டும். கொதிக்கும்போதே ஊற்றினால் சாராய ஆவி மூக்கில் ஏறி மணத்தை மறைத்துவிடும். சாராயம் 78 டிகிரியிலேயே கொதிப்பது. மறையூரிலும் காந்தளூரிலும் கரும்பிலிருந்து கையால் உருண்டை பிடிக்கும் இந்தச் சர்க்கரைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற வெல்லங்களில் தட்டும் உப்புக்கரிப்பு இதில் குறைவு என்பதால் பர்பனின் பாகு மணத்தோடு மோதாது. பர்பன் ஊற்றாத அதே கஷாயம் குடிக்காதவர்களுக்குரியது. ஆனால் குளிருக்கு இது மருந்து என்று நம்பிப் பனியில் வெளியே நிற்கக் கூடாது. சாராயம் தோலின் இரத்தக்குழாய்களை விரியச்செய்வதால் உடல் சூடாக உணர்கிறது, உண்மையில் உள்சூடு வெளியேறுகிறது.

இனிப்பில் ஒரு பொறி இருக்கிறது. பர்பன் இனிப்பாகத் தோன்றினாலும் அதில் சர்க்கரை இல்லையென்றே சொல்லலாம். வடிக்கும்போது சர்க்கரை பின்தங்கிவிடுகிறது, வனிலாவின் மணம்தான் இனிப்பு என்று நாக்கை நம்பவைக்கிறது. ஆகவே உண்மையான இனிப்பு மிகுந்த பண்டத்தோடு சேர்ந்தால் அந்த நம்பிக்கை கலைந்து, மரக்கசப்பு வெளிப்படும். பாலடைப் பாயசம் இதனால்தான் தோற்கிறது. சர்க்கரையைக் கருக்கி ஊற்றிச் செய்யும் கேரளத்துப் பிளம் கேக்கில் கருகிய கசப்பு ஒன்று அடியில் ஓடுவதால், பர்பன் அதனோடு சமமாக நிற்கும். 50 சதவீத வகையை ஒதுக்கிவைக்கச் சொன்னது இதற்காகவே. ஊறிய திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் அந்த வலுவைத் தாங்கக்கூடியவை. பர்பன் இல்லாத வீட்டில் திருவல்லாவில் தயாராகும் ஜவான் ரம் இந்தக் கேக்கோடு ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும், விலையிலோ ஒப்பே இல்லை. வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அடைப்பிரதமன் நடுவில் நிற்கிறது: சிறு கிண்ணம், குறைந்த வெல்லம், மேலே வறுத்த தேங்காய்க்கொத்து என்றால் சரி. பழம் வேண்டுவோர் காந்தளூர் ஆப்பிளை இலேசாக வாட்டித் தரலாம். அறுவடைப் பருவம் முடிந்துவிட்டால் நேந்திரம்பழத்தை நெய்யில் சிவக்கவிட்டால் அதைவிட நன்றாகவே இருக்கும்.

பர்பனைக் கறியிலேயே ஊற்றிச் சமைக்கலாமே என்று ஒரு யோசனை எப்போதும் வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. விலைக்கேற்ற பயன் இல்லை என்பது ஒரு காரணம். அடுப்பில் சாராயம் முழுவதும் ஆவியாகிவிடும் என்ற நம்பிக்கை தவறு என்பது இன்னொன்று. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, அரை மணி நேரம் கொதித்த பிறகும் ஊற்றிய சாராயத்தில் ஏறக்குறைய 35 சதவீதம் மிஞ்சுகிறது. தீமூட்டி எரியவிட்டால் 75 சதவீதம் வரை தங்கிவிடுகிறது. குழந்தைகள், கருவுற்றவர்கள், மருந்து எடுப்பவர்கள், விரதமிருப்பவர்கள் எல்லோரும் அமரும் பந்தியில் சொல்லாமல் இதைச் செய்வது சரியல்ல. மாமாவும் சித்தப்பாவும் போடியிலிருந்து வந்திருந்தால், இரவே போடிமெட்டு இறக்கத்தின் கொண்டையூசி வளைவுகளில் காரோட்டிப் போகவிடாமல் படுக்கை போட்டுவைப்பதும் விருந்து ஏற்பாட்டில் சேர்ந்ததே.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, வெளிநாட்டுப் பாட்டில்கள் கேரள அரசின் மது விற்பனை நிறுவனமான பெவ்கோவின் எல்லாக் கடைகளிலும் இருப்பதில்லை. உள்ளே நுழைந்து தேர்ந்தெடுத்துக்கொள்ளும் பிரீமியம் கடைகளில் தேடுவது நல்லது, அங்கும் என்ன இருக்கிறது என்பது வாரத்துக்கு வாரம் மாறும். தமிழ்நாட்டில் வாங்கி எல்லை தாண்டிக் கொண்டுவருவது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். வெளிநாட்டிலிருந்து வருபவர் ஒருவர் தீர்வையின்றி 2 லிட்டர் வரை கொண்டுவரலாம் என்பதால், கோதுமை வகையில் ஒன்றும் வலுவான வகையில் ஒன்றுமாகச் சொல்லிவிடுவது வசதி. கேரளத்தில் மது வாங்கவும் குடிக்கவும் 23 வயது நிறைந்திருக்க வேண்டும். கல்லூரி முடித்து வந்த அண்ணன் மகனைக் கடைக்கு அனுப்புமுன் வயதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் தேதி பெவ்கோ கடைகளுக்கு விடுமுறை. புத்தாண்டன்று இரவுதான் விருந்து என்றால் டிசம்பர் 31ஆம் தேதிக் கூட்டத்துக்கும் முன்பாக, 29 அல்லது 30ஆம் தேதியே பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. கறிக்கடையில் கொழுப்போடு கூடிய துண்டுக்குச் சொல்லிவைப்பதையும் அன்றே முடித்துவிடலாம்.